நாமா, நாங்களா? – ஒரு றொக் குழுவின் கதை

எங்கள் குசினியில் இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் வானொலி எங்கள் கைக்கு வரும். கோப்பை கழுவி, எண்ணெய்ச் சட்டி தேய்த்து, நிலம் கூட்டும் அந்த ஒரு மணித்தியாலத்தில் அடிக்கடி ஒலிக்கும் ஆங்கிலப் பாட்டு ஒன்று உண்டு. 'இனி இதைப் பொறுக்கமாட்டோம்' என்று பொருள்படும் தலைப்பு. எங்களோடு வேலை செய்யும் மாலி நாட்டவரும் வங்காளிப் பெடியனும் ஆங்கிலம் தெரியாமலே அதைக் கத்திப் பாடுவார்கள். நாங்களும் பாடுவோம். எதைப் பொறுக்கமாட்டோம், யார் பொறுக்கமாட்டோம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதைப் பாடிய 'ருவிஸ்ரெட் சிஸ்ரர்' என்ற அமெரிக்கக் குழுவின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அந்தக் குழுவின் கதையே இந்தக் கேள்விதான் என்று எங்களுக்குப் பட்டது.

1973இல் நியூ ஜேர்சியில் இக்குழு இந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. ஆரம்பம் முதல் நின்றவர் கிட்டார் வாசித்த ஜே ஜே பிரெஞ்ச். ஆண்கள் உதட்டுச் சாயமும் மினுங்கும் உடுப்பும் அணிந்து மேடையேறும் 'கிளாம்' மோஸ்தர் நியூ யோர்க்கில் பரவியிருந்த காலம் அது. கூத்திலே ஆண் பெண்வேடம் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய புதினமல்ல. அமெரிக்கப் புறநகர்த் தகப்பன்மாருக்கோ அது தலைகுனிவு. 1976இல் லோங் ஐலண்டில் வளர்ந்த டீ ஸ்னைடர் என்ற பாடகர் வந்து சேர்ந்தார். பின்னாளில் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவரே.

இவர்களைப் பற்றிப் பேசுவோர் 1984இல் கிடைத்த புகழிலிருந்துதான் தொடங்குவார்கள். எங்களுக்கோ அதற்கு முந்திய பத்து ஆண்டுகளே முக்கியமாகப் படுகின்றன. நியூ யோர்க், நியூ ஜேர்சி, கனெற்றிகட் மாநிலங்களின் மதுச்சாலைகளில், கிழமையில் பல இரவுகள், இரவுக்குப் பல தடவை மேடையேறிப் பாடினார்கள். அன்று நியூ யோர்க்கில் 18 வயதிலேயே குடிக்கலாம் என்பதால் மதுச்சாலைகள் இளைஞர்களால் நிரம்பி வழிந்தன. கூட்டம் குடித்தது, ஸ்னைடர் குடிக்கவில்லை, புகைக்கவில்லை. கணக்கு வழக்கைப் பிரெஞ்சே பார்த்தார். இரவில் ஆரம்பித்து விடியப்புறம் முடிகிற வேலை. மற்றவர்கள் கொண்டாடுவதற்காகத் தான் விழித்திருக்கிற வேலை. அது எப்படிப்பட்டதென்று எங்களுக்கு ஒருவர் சொல்லித் தரத் தேவையில்லை.

1979இல், ஒரு நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாத நிலையிலேயே, நியூ யோர்க்கின் பலேடியம் அரங்கைச் சீட்டு மிச்சமில்லாமல் நிரப்பினார்கள். சுமார் 3000 பேர். அதற்குப் பிறகும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கதவைத் திறக்கவில்லை.

கதவு திறந்தது கடலுக்கு அப்பால். 1982இல் சீக்ரெற் என்ற சிறிய ஆங்கில நிறுவனம் 'அண்டர் த பிளேட்' என்ற முதல் நீள்தட்டை வெளியிட்டது. சிறிது காலத்தில் அந்த நிறுவனமும் விழுந்தது. அவ்வாண்டின் முடிவில், மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி பக்கத்துணையாக நிற்க, 'த ரியூப்' என்ற பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார்கள். அற்லான்ரிக் நிறுவனத்தின் பில் கார்சன் அதைப் பார்த்து ஒப்பந்தம் செய்தார். தங்கள் ஊரில் இருந்த நிறுவனத்துக்குள் நுழைய இவர்கள் லண்டன் வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. நியூ யோர்க்கில் குடிக்கும் வயது 1982 டிசம்பரில் 19 ஆகவும், 1985இல் 21 ஆகவும் உயர்ந்தது. இவர்களை வளர்த்த மதுச்சாலைகளின் காலம் அத்தோடு சரிந்தது. இன்னும் இரண்டு வருடம் பிந்தியிருந்தால் இவர்கள் பெயர் எங்கள் குசினி வரை வந்திராது.

1984 மே மாதம் 'ஸ்ரே ஹங்ரி' வெளிவந்தது. 'பசியோடிரு' என்று பொருள். அமெரிக்காவில் மட்டும் முப்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. எங்கள் குசினிப் பாட்டு இந்தத் தட்டில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தரவரிசையில் 21ஆம் இடம் வரை ஏறியது. எம்.ரி.வி.யில் ஓடிய அதன் படத்தில் மகனை உறுக்குகிற தகப்பன் யன்னலால் தூக்கி எறியப்படுகிறார். சிறுவர் கேலிச்சித்திரப் படங்களின் பாணி அது.

வோஷிங்டனில் சிலருக்கு அது கேலியாகத் தெரியவில்லை. 1985இல் அரசியல்வாதிகளின் மனைவிமார் சிலர், செனற்றர் அல் கோரின் மனைவி ரிப்பர் கோர் உட்பட, ஓர் அமைப்பை உருவாக்கி, ஆட்சேபத்துக்குரிய பதினைந்து பாட்டுகளின் பட்டியலை வெளியிட்டனர். 'வன்முறை' என்ற காரணத்துக்காக இந்தப் பாட்டும் அதில் இருந்தது. செப்டெம்பர் 19ஆம் திகதி செனற் குழுவின் முன் பிராங்க் ஸப்பா, ஜோன் டென்வர் ஆகியோரோடு ஸ்னைடரும் சாட்சியம் சொன்னார். கையில்லாத டெனிம் சட்டை, விரிந்த தலைமயிர், மடித்த கடதாசி. தான் மணமானவன், மூன்று வயது மகனின் தகப்பன், கிறிஸ்தவன் என்று தொடங்கினார். 'அண்டர் த பிளேட்' பாட்டு, தொண்டையில் சத்திரசிகிச்சைக்குப் போகவிருந்த தங்கள் கிட்டார்காரரின் பயத்தைப் பற்றியது என்றார். அதிலே பாலியல் வன்முறையைக் கண்டவருடைய மனதில்தான் அது இருக்கிறது என்றும் சொன்னார்.

அகதி விசாரணை மேசையில் இருந்து எழும்பியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நாங்கள் சொன்னதை வேறொருவர் படித்து, நாங்கள் சொல்லாததை அதில் கண்டுபிடிப்பார். ஸ்னைடர் தெளிவாகப் பேசினார். இருந்தாலும் அந்த நவம்பரிலேயே இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஒட்டுவதற்கு நிறுவனங்கள் சம்மதித்துவிட்டன.

ஏற்றம் பத்து ஆண்டு எடுத்தது. இறக்கத்துக்கு மூன்று போதுமாயிருந்தது. 1985இன் அடுத்த தட்டு எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1986இல் மேளம் அடித்த ஏ.ஜே. பீரோ விலகினார். 1987இல் ஸ்னைடரும் போனார், குழு கலைந்தது. வங்குரோத்தான ஸ்னைடர் அலுவலகமொன்றில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனதைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 2001இல், செப்டெம்பர் தாக்குதலில் பாதிக்கப்பட்டோருக்கான உதவி நிகழ்ச்சியில் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். 2015இல் பீரோ காலமானார். 2016இல் விடைபெறும் பயணத்தை முடித்துக்கொண்டார்கள்.

ஆனால் பாட்டு விடைபெறவில்லை. 2015இல் டொனால்ட் ட்ரம்ப் தன் கூட்டங்களில் அதைப் போட்டார். நண்பரென்று முதலில் சம்மதித்த ஸ்னைடர், அவருடைய கொள்கைகளோடு ஒத்துப்போக முடியாமல் நிறுத்தச் சொன்னார். 2018இல் மேற்கு வேர்ஜீனியாவில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்கள் அதையே பாடினார்கள். 2019இல் அவுஸ்திரேலியக் கோடீஸ்வரர் கிளைவ் பாமர், வரிகளைச் சற்று மாற்றித் தன் தேர்தல் விளம்பரத்துக்கு எடுத்தார். 2021இல் நீதிமன்றம் அவருக்கு எதிராக 15 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு விதித்தது. 2022இல் உக்ரேனியர் பாடியபோது, தன் பாட்டனாரும் உக்ரேனியர் என்று சொல்லி ஸ்னைடர் மகிழ்ந்து அனுமதித்தார். முகக்கவசம் அணிய மறுத்தவர்கள் பாடியபோது அவர் வரவேற்கவில்லை.

கோடீஸ்வரனும் ஆசிரியையும் ஒரே பாட்டைப் பாட முடிவது எப்படி? ஆங்கிலத்தின் அந்தச் சின்னச் சொல், கேட்பவரையும் சேர்க்கிறதா விலக்குகிறதா என்று சொல்லாது. தமிழில் அப்படி ஒளிய முடியாது. பேச்சில் நாங்கள் இரண்டையும் கலந்துவிட்டாலும், எழுத இருந்தால் நாமா, நாங்களா என்று தெரிந்தெடுத்தாக வேண்டும். 'நாம்' என்று மேடையில் முழங்கியவர்கள் பலரை எங்கள் மண்ணிலும் கண்டோம். எங்களிடம் கேட்டுவிட்டு எங்களைச் சேர்த்துக்கொண்டவர் எத்தனை பேர்?

மதுச்சாலைகளில் பத்து வருடம் உழைத்த ஐந்து பேருக்கு அந்தச் சொல் 'நாங்கள்' ஆகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதை 'நாம்' என்று கேட்கிற உரிமை கூடப் பாடுகிற எவருக்கும் உண்டு. அதற்காக அந்த இரவுகள் எல்லோருடையதும் ஆகிவிடா.

பன்னிரண்டு மணிக்குக் குசினி விளக்கை அணைக்கிறோம். மாலிக்காரர் இன்னும் முணுமுணுத்தபடி படியேறுகிறார். அந்த நேரத்தில் மட்டும், நாங்கள் நான்கு பேரும் தயங்காமல் 'நாம்' என்று சொல்லலாம் போலிருக்கிறது.