புட்டியில் அடைத்த உறக்கம்

குழந்தையை உறங்க வைக்கும் கருவி தாலாட்டு என்றே நாம் இலக்கியத்தில் படித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் தாலாட்டுப் பாட நேரம் வேண்டும். அந்த நேரம் பறிபோன இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காண்கிறோம்.

மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களில் தாய்மார் அதிகாலையிலேயே வேலைக்குச் சென்றனர். கைக்குழந்தைகள் அண்டைவீட்டு மூதாட்டியிடமோ, தாமே குழந்தைப் பருவம் கடவாத சிறுமியரிடமோ விடப்பட்டன. அழுகையை அடக்கக் கைகொடுத்தது 'காட்ஃப்ரேஸ் கார்டியல்'. சர்க்கரைப் பாகில் அபின் கலந்த இம்மருந்து மிக மலிவாகக் கிடைத்தது; அபினின் அளவோ கடைக்குக் கடை மாறியது. 1845-இல் வெளிவந்த தம் நூலில் எங்கெல்ஸ் இதனைப் பெயர் சொல்லியே கண்டித்தார். 1868-இல் அபின் விற்பனைக்குச் சட்டம் வந்தபோதும், காப்புரிமை மருந்துகள் என்ற பெயரில் விற்றவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அபின் உண்ட குழந்தை அழுவதில்லை, பசித்தாலும் அழுவதில்லை. அழாத பிள்ளை பால் குடிப்பது ஏது? அளவு மிஞ்சி இறந்தவை ஒருபுறமிருக்க, இவ்வாறு மெல்ல மெலிந்து மடிந்த குழந்தைகளும் உண்டு. அம்மரணங்களுக்கு அபின் காரணம் என்று பலவேளை பதிவாகவே இல்லை.

அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான 'மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்' என்னும் பாகில் இருந்தது மார்ஃபின். அன்னையும் மழலையும் சிரிக்கும் வண்ணப்படங்கள் அதனை விளம்பரம் செய்தன. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் மார்ஃபின் உள்ளதைச் சீட்டில் அச்சிடச் சொன்னது. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தகைய மருந்துகளைக் 'குழந்தைக் கொல்லிகள்' என்றே வகைப்படுத்தியது.

நம் நாடும் விலக்கன்று. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த பெண்களும் தம் மக்களுக்கு அபின் உருண்டை ஊட்டிவிட்டே வேலைக்குச் சென்றனர். அத்தாய்மாரைப் பழித்தல் எளிது. உறங்காத குழந்தைக்கும் ஆலைச் சங்குக்கும் இடையே அகப்பட்டவளுக்கு வேறு வழி என்ன இருந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அபின் அகன்றது, புட்டி அகலவில்லை. அமெரிக்காவில் இன்று மெலடோனின் மிட்டாய்கள் மருத்துவர் சீட்டின்றியே கிடைக்கின்றன. அபினின் கொடுமை இதற்கு இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் சில குழந்தைகளுக்கு இது பயன்படவும் செய்கிறது. எனினும் 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த 25 மிட்டாய் வகைகளுள் 22-இல் உள்ளிருந்த அளவு சீட்டில் கண்டதற்கு ஒத்திருக்கவில்லை. கடைக்குக் கடை மாறிய பழைய கார்டியலை இது நமக்கு நினைவூட்டாமல் இல்லை.

நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கை, மங்கிய விளக்கு, கைபேசியற்ற அறை, அருகே அவசரமில்லாத ஒரு குரல் ஆகியவற்றையே மருத்துவர்கள் இன்றும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். இவற்றுள் கடைசியானதற்கு நம் முன்னோர் இட்ட பெயர்தான் தாலாட்டு. அதனைப் பாடும் பொழுதைப் பெற்றோருக்கு மீட்டுத் தருவது மருந்துக்கடையின் வேலையன்று, சமூகத்தின் வேலை.