கம்பியிலிருந்து அகழிக்கு: சென்னை விலங்குக் காட்சிச்சாலையில் புலி, சிங்கங்களின் இருப்பிடம்

புலியையும் சிங்கத்தையும் நகரத்துக்குள் வைத்துக் காட்டும் முறை தமிழ்நாட்டில் மாறிவந்த விதத்தை, பார்ப்பவருக்கும் விலங்குக்கும் நடுவே விடப்பட்ட தூரத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தொடக்கம் எழும்பூரில். அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்றார். அவற்றைக் கொண்டு 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு காட்சிச்சாலை உருவானது. பாடம் செய்த உடல்களுக்குப் பக்கத்தில் உயிருள்ளவையும் இருந்தன. நவாபின் உடைமையாக இருந்தவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் விலங்கு அப்போதும் ஒரு காட்சிப்பொருள்தான்.

1863இல் மாநகராட்சியின் கைக்கு மாறிய காட்சிச்சாலை, சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கே அது இருந்த நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் கடைசிப் பகுதியே இன்றைய முதியவர்களின் நினைவில் நிற்பது. திருச்சி, துவாக்குடிப் பக்கத்திலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கியவர்களுக்கு 'செத்த காலேஜ்' அருங்காட்சியகமும் மூர் மார்க்கெட்டை ஒட்டிய 'உயிர் காலேஜ்' காட்சிச்சாலையும் பட்டணம் பார்ப்பதில் தவறாத இடங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் புலியின் அழகை அல்ல. கம்பிக்கூண்டின் மூத்திர வாடையை, நெஞ்சில் வந்து மோதிய உறுமலை, ஓயாமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்த விலங்கை.

அந்த நடையை அன்று கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அடைபட்ட விலங்கின் நலிவைக் காட்டும் அறிகுறி. இயற்கையில் பரந்த நிலத்தில் திரியும் ஊனுண்ணிகளிடமே கூண்டில் இந்த நடை மிகுதியாகத் தென்படுகிறது என்று ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகியோரின் ஆய்வு 2003இல் 'நேச்சர்' இதழில் காட்டியது. ஆகவே முதியவர்களின் நினைவை நான் வெறும் ஏக்கமாகப் படிக்கவில்லை. பொருள் புரியாமலே அவர்கள் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள்.

மாற்று வழி முன்பே இருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் 1907இல் திறந்த பூங்காவில் கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டியிருந்தார். சென்னையில் அது வேரூன்ற வண்டலூர் வரவேண்டியிருந்தது. சென்ட்ரலைச் சுற்றிய நெரிசலிலும் இரைச்சலிலும் விரிவாக்க இடமில்லாமல் போக, வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார்.

அகழிக்கு அப்பால் மரமும் புதரும் வந்தன. புலிக்குப் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் உரிமை முதன்முறையாகக் கிடைத்தது. காசு கொடுத்து வந்தும் புலி கண்ணில் படவில்லையே என்று வருந்தும் பார்வையாளர் இந்த உரிமையின் விலையைத்தான் செலுத்துகிறார். அது நியாயமான விலை என்றே கருதுகிறேன். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992இல் அமைந்தபின், இருப்பிடத்தின் தரம் நாடு முழுவதும் சட்டத்தின் கண்காணிப்புக்குள் வந்தது.

ஆனால் கம்பி முற்றிலும் மறையவில்லை, பின்பக்கம் நகர்ந்திருக்கிறது. மாலையில் விலங்குகள் திரும்பும் இரவறைகளில் அது இன்றும் உண்டு. தீனியும் சிகிச்சையும் பெரும்பாலும் அங்கேதான். எனவே பகல் வெளியின் பரப்பை மட்டும் வைத்து ஒரு பூங்காவை மதிப்பிடுவது பாதி ஆய்வே. இரவறையின் அளவு, காற்றோட்டம், தரை, அங்கே கழியும் மணிநேரம் ஆகியவையும் கணக்கில் வரவேண்டும்.