வக்கீல் கட்டிய வங்கி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கல்வி பெற்ற தென்னாட்டு இளைஞர்கள் சர்க்கார் உத்தியோகத்தை நாடினார்கள். அது வாய்க்காதவர்களும் அதை விரும்பாதவர்களும் சட்டம் படித்து வக்கீல் ஆனார்கள். வியாபாரம் என்பது அவர்களுக்கு அந்நியமான உலகம். உள்நாட்டு வர்த்தகத்தை நகரத்தார்களும் ஆரிய வைசியர்களும் மரக்காயர்களும் குஜராத்திகளும் தத்தம் குலமரபுப்படி நடத்திவர, கப்பலேறிச் செல்லும் பெரிய வாணிபத்தில் பெரும்பகுதி சென்னைக் கடற்கரையில் வரிசையாக நின்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. கோர்ட்டில் வாதாடிச் சம்பாதித்த வக்கீல் அந்தப் பணத்தைக் கொண்டு நிலம் வாங்குவார், மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ ஒரு பங்களா கட்டுவார், கையில் மிஞ்சியதை அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் வட்டிக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குவார். அந்த உறக்கத்தைக் கலைத்த ஒரு பெரும் விபத்தையும், அதன் பின் வர்த்தகத்துறையில் அடியெடுத்து வைத்த ஒரு வக்கீலையும் பற்றியது இந்த வரலாறு.

வி. கிருஷ்ணசுவாமி ஐயர் 1863ஆம் வருஷத்தில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த திருவிடைமருதூரில் பிறந்தவர். தந்தையார் வெங்கடராமையர் முன்சீபாக உத்தியோகம் பார்த்தவராதலால், சட்டமும் வழக்கும் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையிலேயே பழக்கமான விஷயங்களாக இருந்தன. கும்பகோணம் காலேஜிலும் பின்னர்ச் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் பயின்று, சட்டப் பரீட்சையிலும் தேறி, 1885இல் ஹைக்கோர்ட்டு வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். ஆயினும் வழக்குகள் உடனே வந்து குவிந்துவிடவில்லை. பெரிய வக்கீல்களின் நிழலில் புதிதாக வந்தவன் முளைவிட்டுத் தழைப்பதற்குச் சில வருஷங்கள் பிடிக்கும் என்பது அந்தத் தொழிலின் பழைய நியதி. அவரும் அதற்கு விலக்கல்லர். பாலாஜி ராவ் என்ற மூத்த வக்கீலின் ஆதரவு கிடைத்த பிறகே அவருடைய திறமை கோர்ட்டின் கண்ணில் பட்டது. ஒருமுறை பட்டபின் அது மறையவில்லை.

அக்காலத்தில் ஹைக்கோர்ட்டில் பாரிஸ்டர்கள் ஒரு ஜாதி, வக்கீல்கள் மற்றொரு ஜாதி. இங்கிலாந்து சென்று பட்டம் பெற்று வந்த பாரிஸ்டர்கள், இந்நாட்டிலேயே படித்துத் தேறிய வக்கீல்களைத் தமக்கு ஒரு படி கீழாகவே கருதினார்கள். பாஷ்யம் ஐயங்கார், சுப்பிரமணிய ஐயர் முதலான மேதாவிகள் தங்கள் புலமையாலேயே அந்த எண்ணத்தைத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறையினரான கிருஷ்ணசுவாமி ஐயரும், பி. ஆர். சுந்தரமையரும், பி. எஸ். சிவசாமி ஐயரும் தனித்தனியே பெயர் வாங்குவதோடு திருப்தியடையாமல், தொழிலுக்கென்று ஸ்தாபனங்களைக் கட்டுவதில் முனைந்தார்கள். 1889இல் வக்கீல்கள் சங்கம் தோன்றியது. 1891இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ என்ற சட்டப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டதோடு நில்லாமல், நீதிபதிகளின் முடிவு எங்கே பிசகியது என்று துணிந்து எடுத்துக்காட்டவும் செய்த அப்பத்திரிகை, இந்தியர்களுக்கும் சட்டத்தைப் பற்றிச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரியும் என்பதை ஊருக்கு அறிவித்தது. தனிமனிதனின் கீர்த்தியைவிட விதிகளுக்குட்பட்ட ஒரு சபையின் உழைப்பே நீடித்து நிற்கும் என்ற பாடத்தைக் கிருஷ்ணசுவாமி ஐயர் இந்த முயற்சிகளில்தான் கற்றுக்கொண்டார் என்று கூறலாம். பின்னால் அவர் செய்த பெரிய காரியத்துக்கு அதுவே அடிப்படை.

சென்னையில் பாரி, பின்னி, அர்பத்னாட் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் அப்போதே நூறாண்டை நெருங்கிய அல்லது கடந்த பழைமை கொண்டவையாக இருந்தன. அவற்றுள் அர்பத்னாட் கம்பெனி ஏற்றுமதி இறக்குமதி செய்ததோடு, பிறருடைய தோட்டங்களையும் தொழில்களையும் நிர்வகித்து, பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கி வந்தது. அதன் தலைமைப் பங்காளியான ஸர் ஜார்ஜ் அர்பத்னாட் கவர்னரின் சட்டசபையில் வீற்றிருந்தவர். நகரத்தின் பொதுக்காரியங்களில் முன்னிற்பவர். பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தர், விதவை, ஜமீன்தார், வக்கீல், சிறு மிராசுதார் ஆகிய எல்லோரும் அர்பத்னாட் ரசீது ஒன்று பெட்டியில் இருந்தால் அதைப் பொன்னுக்குச் சமானமாக எண்ணினார்கள். ஆனால் அந்தக் கம்பெனி கூட்டு வியாபாரமேயன்றிச் சட்டப்படி பதிவான வங்கி அன்று. அதன் கணக்கை வெளியார் யாரும் கேட்டதில்லை; கேட்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. சீமையில் அதன் லண்டன் கிளை போன்றிருந்த மக்ஃபாடியன் என்னும் பங்காளியின் கம்பெனி, இங்கிருந்து சென்ற பணத்தைச் சூதாட்டம் போன்ற துணிகர முதலீடுகளில் இறைத்துக்கொண்டிருந்தது டெபாசிட் போட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

1906ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 22ஆம் தேதி, திங்கட்கிழமை, அர்பத்னாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திக் கதவை அடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் மக்ஃபாடியன் லண்டனில் ரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்த வியாபாரிகள் முன்பும் உண்டு. ஆனால் வெள்ளைக்காரத் துரையின் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுக்கும் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணமும், வயோதிகத்துக்கென்று ஒதுக்கிய பென்ஷன் சேமிப்பும், தர்மத்துக்கென்று எழுதிவைத்த மூலதனமும் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. சென்னையோடு நில்லாமல், தஞ்சாவூர், கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களின் மத்தியதரக் குடும்பங்களிலும் அந்த அதிர்ச்சி புகுந்தது.

இதன்பின் நிகழ்ந்தவை இன்ஸால்வென்ஸி கோர்ட்டில் நிகழ்ந்தவை. அன்றைய முறைப்படி, திவாலான கம்பெனியின் சொத்துக்கள் முழுவதும் ‘அபிஷியல் அஸைனி’ என்ற கோர்ட்டு அதிகாரியின் வசம் போய்ச் சேரும். பணம் வரவேண்டியவர் ஒவ்வொருவரும் தம் ரசீதைக் காட்டிப் பிரமாணம் செய்து கடனை நிரூபிக்க வேண்டும். பிறகு சொத்துக்கள் விற்று வந்த தொகையை, ரூபாய்க்கு இத்தனை அணா என்று விகிதம் வகுத்து, தவணை தவணையாகக் கொடுப்பார்கள். சட்டம் அறியாத கிராமத்து டெபாசிட்காரனுக்கு இதெல்லாம் காட்டில் வழி தப்பியதைப் போலத்தான். அத்தகையோர் பலருக்காகக் கிருஷ்ணசுவாமி ஐயர் கோர்ட்டில் நின்றார். கம்பெனியின் கணக்குகளை அலசி, எப்போது முதல் அது உண்மையில் திவாலாயிருந்தது, தெரிந்திருந்தும் எவ்வளவு காலம் டெபாசிட் வாங்கியது என்பவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே அந்த விவகாரத்தின் சாரம். முடிவில் ஸர் ஜார்ஜ் மீது கிரிமினல் வழக்கு நடந்து, பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. கவர்னரோடு ஒரே மேஜையில் விருந்துண்ட வெள்ளைக்காரப் பிரமுகர் சிறை சென்றது, அன்றைய சென்னை கண்ட அபூர்வமான காட்சிகளில் ஒன்று.

வழக்கோடு நின்றிருந்தால் கிருஷ்ணசுவாமி ஐயர் ஒரு பெரிய வக்கீலாக மட்டுமே நினைக்கப்படுவார். அவரோ, கதவு அடைபட்ட சில வாரங்களுக்குள்ளேயே நகரத்துப் பிரமுகர்கள் சிலரைக் கூட்டி, இந்தியர்களின் பணத்தை இந்தியர்களே நிர்வகிக்கும் ஒரு வங்கி வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். ராஜதானியின் சர்க்கார் வங்கியாக விளங்கிய ‘பாங்க் ஆப் மெட்ராஸ்’ அப்போது ஐரோப்பியர்களின் நிர்வாகத்தில் இருந்தது. இந்திய வியாபாரி அங்கே கடன் கேட்டுப் போவது கோவில் வாசலில் வெளியாளாக நிற்பதற்கு ஒப்பாகும். புதிய முயற்சிக்கு வேண்டியிருந்தவை இரண்டு: வக்கீல்களின் சட்ட ஞானம், வர்த்தகர்களின் முதல். இந்த இரண்டாவதை நகரத்தார் சமூகத்திலிருந்து கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் தமையனாரான ராமசாமிச் செட்டியார். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் உண்டியல் மூலம் லட்சக்கணக்கில் பணம் புரட்டிய அந்தச் சமூகத்துக்குக் கொடுக்கல் வாங்கல் கற்பிக்க யாரும் தேவையில்லை. ஆனால் தம் குலத்துக்குள் வழங்கிய நம்பிக்கையை முகமறியாத பொதுமக்களுக்கும் விரிக்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. இவ்விரு தரப்பும் சேர்ந்ததன் பலனாக, 1907 மார்ச் 5ஆம் தேதி ‘இந்தியன் பாங்க்’ பதிவு செய்யப்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி தன் அலுவலை ஆரம்பித்தது. அர்பத்னாட் கட்டடம் நின்ற கடற்கரை மனையே பிற்காலத்தில் அந்த வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு இடமாயிற்று.

இந்த வங்கிக்கும் முன்னிருந்த கம்பெனிக்கும் உள்ள வேற்றுமை, நிர்வாகிகளின் நிறத்தில் மட்டும் இருக்கவில்லை. அர்பத்னாட் கம்பெனி ஒரு குடும்பத்தின் பெயரை நம்பச் சொன்னது. இந்தியன் பாங்க் 1882ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் உருவாகிய லிமிடெட் கம்பெனி. இன்ன காரியத்துக்காக இன்ன முதலோடு இது நடக்கும் என்ற சாஸனம் பதிவாளரிடம் இருந்தது; பங்குதாரர்கள் டைரக்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; வருஷந்தோறும் ஐந்தொகை எழுதி அவர்கள்முன் வைக்க வேண்டியிருந்தது. ‘துரை பொய் சொல்லமாட்டார்’ என்ற நம்பிக்கை போய், ‘கணக்கைக் காட்டு, பார்க்கிறேன்’ என்ற உரிமை வந்தது. ஓர் உடன்படிக்கையை எழுதும்போது எதிர்காலத்தில் யார் யாரை ஏமாற்றக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வாசகம் அமைப்பது வக்கீலின் பழக்கம். அந்தப் பழக்கத்தை வியாபாரத்துக்குள் கொண்டுவந்ததே கிருஷ்ணசுவாமி ஐயர் செய்த உபகாரம்.

அந்தக் காலத்தில் இவ்விதம் வர்த்தகத்துக்குள் நுழைந்த வக்கீல் அவர் ஒருவரே அல்லர். மங்களூரில் 1906இல் கனரா வங்கியை ஸ்தாபித்த அம்மெம்பாள் சுப்பராவ் பை வக்கீல்; லாகூரில் பஞ்சாப் நேஷனல் பாங்கை எழுப்பியவர்களுள் ஒருவரான லாலா ஹரகிஷன்லால் பாரிஸ்டர். தூத்துக்குடி வக்கீலான வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்ததும் அதே 1906 அக்டோபரில்தான். ஆனால் பிள்ளையவர்கள் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு நேருக்கு நேர் போர் தொடுத்தார், சர்க்காரின் கோபத்துக்கு ஆளாகிச் சிறைபுகுந்தார், கம்பெனியும் அழிந்தது. அரசியலில் மிதவாதியான கிருஷ்ணசுவாமி ஐயர் சர்க்காரின் சட்டத்தையே கேடயமாகக் கொண்டார். அவருடைய வங்கி பிழைத்தது. தியாகத்தின் தராசில் வைத்தால் முன்னவர் தட்டே தாழும் என்பதில் ஐயமில்லை. எனினும் 1913இல் வடக்கே சுதேசி வங்கிகள் வரிசையாக முறிந்து விழுந்தபோது, சென்னை வங்கி விழாமல் நின்றதற்கு அந்த நிதானமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

கிருஷ்ணசுவாமி ஐயருடைய பிற தர்மங்கள் பல. மயிலாப்பூர் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை, சம்ஸ்கிருதக் கல்லூரி, ரானடே நூல்நிலையம் ஆகியவற்றின் தோற்றத்தில் அவருடைய கையும் பணமும் உண்டு. சம்ஸ்கிருதக் கல்லூரிக்குத் தலைவராக வந்த குப்புசாமி சாஸ்திரிகள் பின்னாளில் இந்தியா முழுவதும் மதித்த பண்டிதரானார். பாரதியார் தம் ‘இந்தியா’ பத்திரிகையில் மிதவாதிகளைக் கடுமையாகச் சாடிவந்த காலத்தில், பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் அவரைக் கிருஷ்ணசுவாமி ஐயரிடம் அழைத்துச் சென்றதும், பாட்டுக்களைக் கேட்டு உருகிய ஐயர் அவற்றைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்ததும், தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட செய்தி. எதிர்க்கட்சிக்காரரின் கவிதையைத் தம் பணத்தில் பரப்புவதற்கு ஒரு விசாலமான மனம் வேண்டும்.

1909இல் ஹைக்கோர்ட்டு நீதிபதியாகவும், 1911இல் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினராகவும் உயர்ந்த அவர், அந்த வருஷம் டிஸம்பர் மாத இறுதியில், நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார். சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தருகே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

அவரை விமர்சிக்கவும் இடமுண்டு. மயிலாப்பூரில் அவர் நட்ட ஸ்தாபனங்களில் பல, சமூகத்தின் ஒரு பகுதியாருடைய கல்வியையும் ருசியையும் மனத்திற்கொண்டு அமைந்தவை. அந்தக் குறையை அடுத்த பத்தாண்டுகளில் பிராமணரல்லாதார் இயக்கம் உரத்த குரலில் எடுத்துச் சொல்லிற்று. வங்கி அப்படியல்ல. அங்கே குலமும் கோத்திரமும் கேட்கப்படவில்லை. பணம் போடுகிறவன் எவனாயினும் அவனுக்குரிய கணக்கு அவனுடையதாக இருந்தது. ஆகவே, கிருஷ்ணசுவாமி ஐயர் தர்மம் என்று எண்ணிச் செய்தவற்றைக் காட்டிலும் வியாபாரம் என்று தொடங்கிய காரியமே அகன்ற பொதுநலமாக முடிந்தது என்பது என் தீர்ப்பு. 1969இல் சர்க்கார் அந்த வங்கியைத் தேசியமயமாக்கிய பின்னும் அதன் பெயர் மாறவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அதிக வட்டி தருவதாகச் சொல்லி, அழகான கட்டடமும் பிரமுகர்களின் படமும் காட்டிப் பணம் கேட்கும் கம்பெனிகள் இன்றும் நம் ஊர்களில் குறைவில்லை. அவர்களிடம் சேமிப்பைக் கொடுக்குமுன் ஐந்தொகையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். காட்ட மறுத்தால் பணத்தோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.