மதுரையா, கொச்சியா? போடியிலிருந்து விமான நிலையங்களுக்கான தூரமும் நேரமும்

போடிநாயக்கனூரிலிருந்தும் ஏலமலைத் தோட்டப் பகுதிகளிலிருந்தும் உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ புறப்படுபவர்களுக்கு முன்னால் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. கிழக்கே மதுரை, மேற்கே நெடும்பாசேரியில் உள்ள கொச்சி. டிக்கெட் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தூர, நேரக் கணக்கை இங்கே தருகிறோம்.

வான்வழி

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 190 கி.மீ. இடையில் நிற்காமல் பறக்கும் விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம் போதும். நேரடி விமானம் இல்லாதபோது சென்னை அல்லது பெங்களூரு சென்று மாற வேண்டும். அப்போது இதே தூரத்துக்குப் பல மணி நேரம் ஆகிவிடும்.

போடி ஏறக்குறைய இந்த நேர்கோட்டின் கீழேயே இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் மதுரை விமான நிலையம் சுமார் 84 கி.மீ., கொச்சி சுமார் 105 கி.மீ. வித்தியாசம் 20 கி.மீ. சொச்சம்தான். வரைபடத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

சாலைவழி

இரண்டு ஊர்களுக்கும் செல்வது ஒரே தேசிய நெடுஞ்சாலை 85தான். தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரை விமான நிலையம் சுமார் 100 கி.மீ.; காரில் இரண்டரை மணி நேரம். போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, அடிமாலி வழியாகக் கொச்சி சுமார் 180 கி.மீ.; ஐந்தரை முதல் ஆறு மணி நேரம்.

காரணம் மலை. போடிமெட்டு ஏறவே 17 கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் ஏறும், மாலையில் இறங்கும். இரவில் மூடுபனியும், சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. மழைக்காலத்தில் மூணாறை அடுத்த கேப் ரோட்டில் மண் சரிந்து பலமுறை பாதை அடைபட்டிருக்கிறது.

பூப்பாறையில் வசிப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே சாலைத் தூரத்தில் உள்ளன.

ரயில்வழி

2023 ஜூன் 15 முதல் போடிக்கு அகல ரயில் பாதையில் ரயில் ஓடுகிறது. மதுரை சந்திப்பில் இறங்கினால் விமான நிலையம் சுமார் 12 கி.மீ. ரயில்கள் குறைவு என்பதால் விமான நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக்கும் போடியிலிருந்தே ரயில் உண்டு.

எப்போது புறப்படுவது?

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். கொச்சியில் காலை 10 மணி விமானம் என்றால் 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்கு நள்ளிரவு 1 மணிக்கே மலை ஏறியாக வேண்டும். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் இது பெரும் சிரமம். முதல் நாள் பகலிலேயே சென்று ஆலுவாவில் தங்குவது நல்லது.

கொச்சியிலிருந்து வளைகுடா நகரங்களுக்கு விமானங்கள் அதிகம், கட்டணமும் சில நேரம் குறைவு. ஆனால் கார் வாடகை, தங்கும் செலவு இரண்டையும் கூட்டிய பிறகே எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.

ஹஜ் பயணிகள் கவனிக்க வேண்டியது ஒன்று: புறப்படும் நிலையம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். 2022ல் தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து சென்றனர். 2023ல் மீண்டும் சென்னையிலிருந்து புறப்பட்டனர். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே வாகனம் பேசுங்கள்.