கோடைக்கால மேட்டுப்பாத்திக் காய்கறிச் சாகுபடி

நடைபாதையைவிட உயரமாக மண்ணைக் கூட்டி, மேலே கால் படாமல் பயிர் வளர்க்கும் முறை மேட்டுப்பாத்தி. வெயில் தாங்கும் காய்கறிகளைச் சித்திரை, வைகாசியில் அந்தப் பாத்திகளில் விதைத்து வளர்ப்பது கோடைக்கால மேட்டுப்பாத்திச் சாகுபடி. தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டங்களிலும் கிணற்றுப் பாசனமுள்ள சிறு நிலங்களிலும் வெண்டை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு, கீரை, கொடிக்காய்கள் ஆகியவற்றை இப்படி வளர்க்கலாம்.

குளிர்நாடுகளில் மேட்டுப்பாத்திக்குச் சொல்லப்படும் முதல் காரணம், பனிக்காலம் முடிந்ததும் அதன் மண் சீக்கிரம் சூடேறும் என்பது. தமிழ்நாட்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. இங்கே சூட்டுக்குக் குறைவில்லை; ஈரம்தான் குறை. பாத்தியை உயர்த்தினால் அதன் பக்கச் சுவர்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் முகம் காட்டும், சமதரையைவிட முன்னதாகவே காய்ந்துவிடும். வறண்ட நிலத்து மக்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் சூனி மக்கள் நான்கு பக்கமும் மண்வரப்புக் கட்டிய சிறு பள்ளக் கட்டங்களில் பயிரிட்டு, விழும் ஒவ்வொரு துளியையும் வேரடியிலேயே நிறுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் பூசணிக்கும் சுரைக்கும் குழியெடுத்து விதைப்பதே பழக்கம்.

அப்படியிருந்தும் கோடையில் மேட்டுப்பாத்தி எதற்கு என்றால், கோடைமழைக்காக. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் ஒரு மாலைப்பொழுதில் இடியுடன் கொட்டும் மழை, களிமண்ணிலும் கரிசலிலும் வடிய வழியின்றித் தேங்கி நிற்கும். சூடான மண்ணில் நீர் நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். காலையில் செழித்து நின்ற கத்தரிச் செடி அடுத்த நாளே வாடிச் சாயும். ஆகவே களிமண் நிலத்தில் மேட்டுப்பாத்தி தேவை. மணற்பாங்கான தேரி நிலத்தில் அதைப் போடுவது தண்ணீரை வீணாக்கும் வேலை. பாறைத் தரையிலும் உவர் மண்ணிலும் வேருக்கு ஆழம் கிடைக்க வேறு வழியில்லாததால் அங்கும் உயர்த்தத்தான் வேண்டும்.

கோடைப் பாத்தி தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பது நல்லது. 15 முதல் 20 செ.மீ. உயரம் போதும். அகலம் 1.2 மீட்டர் வரை இருக்கலாம். இருபுறமும் நின்று கையெட்டிக் களையெடுக்க அதுவே எல்லை. மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் கலக்கப்படும். தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அலசாத, மக்க வைக்காத நார்க்கழிவில் உப்பும் டானினும் இருப்பதால் இளம் நாற்று கருகிவிடும்.

இந்தச் சாகுபடியில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது மூடாக்கு. வெறும் மண்ணின் மேற்பரப்பு மே மாத நண்பகலில் 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். மண்புழு கீழே இறங்கிவிடும், மேல்வேர்கள் கருகும். வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த சருகு என எது கிடைத்தாலும் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் சூடும் ஆவியாதலும் ஒருசேரக் குறையும். பக்கச் சுவர்களையும் மூடவேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான். மூடாக்கை விலக்கி இரண்டு விரற்கணு ஆழத்துக்கு மண்ணில் விரலை விட்டால், நீர் தேவையா என்று அப்போதே தெரியும்: மண் விரலில் ஒட்டினால் பொறுக்கலாம், உதிர்ந்தால் பாய்ச்சவேண்டும். நண்பகலில் இலை தொங்குவதை மட்டும் பார்த்து நீர் விடக்கூடாது. மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடிக்குக் குறையில்லை. விடியற்காலையிலும் தொங்கினால்தான் தாகம்.

உள்மாவட்டங்களில் முழுக்கோடையில் நன்கு தழைத்த பயிர்ப்பரப்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீரை இழக்கும். சதுர மீட்டருக்கு 7 லிட்டர். 1.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட பாத்திக்கு அது 25 லிட்டர், இரண்டு குடத்துக்குச் சற்றுக் குறைவு. சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்கு அடியில் ஓட்டி அதிகாலையில் விடுவது சிறந்தது.

நிழலைத் திட்டமிடச் சூரியனின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கும், கடைசி வாரத்தில் சென்னைக்கும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். பயிரை வாட்டுவது பிற்பகல் மேற்கு வெயில். எனவே பாத்தியின் மேற்கே அகத்தியோ ஆமணக்கோ ஒரு வரிசை போடுவது நிழல்வலைக்குச் செலவழிப்பதைவிட நல்ல யோசனை. வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தி கொடி படரும் காலாகவும் நிழலாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

பயிர்களில் கோடைக்கு முதல் தேர்வு வெண்டை. மண் சூடாக இருந்தால்தான் அதன் விதை விரைந்து முளைக்கும். ஆணிவேர்ப் பயிர் என்பதால் நாற்று விட்டுப் பிடுங்கி நடாமல், இரவு ஊறவைத்த விதையை 45 செ.மீ. வரிசை இடைவெளியிலும் 30 செ.மீ. செடி இடைவெளியிலும் நேராக ஊன்றுவார்கள். ஏறக்குறைய 45 நாளில் காய் பறிக்கலாம். காலையில் மலரும் மஞ்சள் பூ அன்றே வாடும். ஐந்தாறு நாளில் காய் பதமாகும். நுனியை வளைத்தால் படக்கென்று ஒடியவேண்டும், வளைந்து கொடுத்தால் முற்றிவிட்டது. வெயிலில் காய் வேகமாக நீளும் என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் கட்டிவிடும். வெண்டையின் பெரும் பகை மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வந்தபின் மருந்தில்லை, செடியைப் பிடுங்கி அழிக்கவேண்டும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காட்டு வெண்டை இனத்தோடு ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய அர்கா அனாமிகா இந்நோயைத் தாங்கும் ரகம். இன்று பல இடங்களில் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிட்டதால் மஞ்சள் ஒட்டுப்பொறியையும் கூடவே வைப்பது அவசியம்.

கொத்தவரையும் தட்டைப்பயறும் குறைந்த நீரில் பிழைக்கும். தண்டுக்கீரையும் கொடிப்பசலையும் வெயிலில் செழிக்கும். தக்காளியைக் கோடையில் நம்பக்கூடாது: பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் மலடாகிப் பூ உதிரும்.

கொடிக்காய்களில் கடும் சூடு ஆண் பூக்களை மிகுவிக்கும். தொடக்கத்தில் காய் பிடிக்காததைக் கண்டு கொடியை அறுத்துவிடக் கூடாது. பூசணியும் பாகலும் அதிகாலையில் மலர்ந்து தேனீக்களை நம்பியிருக்கின்றன. பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்கின்றன; புடலையின் வெண்பூ இருட்டியபின் விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. பூச்சி வராத மாடித்தோட்டத்தில், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூலகமுடியில் தொட்டுவிட வேண்டும். அதை அந்தந்தப் பூ மலரும் நேரத்தில் செய்தால்தான் காய் பிடிக்கும்.

வறட்சியும் சூடும் சேர்ந்தால் சிவப்புச் சிலந்தி பெருகும். இலையின் அடிப்புறம் மெல்லிய வலையும் மேற்புறம் வெளிர்ப்புள்ளிகளும் தெரிந்தவுடன் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும். வேப்பெண்ணெய்க் கரைசலை உச்சிவெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும், மாலையே சரி. வெண்டையும் கத்தரியும் திரும்பத் திரும்பப் போட்ட பாத்தியில் வேர்முடிச்சு நூற்புழு சேர்ந்துவிடும். இடையில் ஒரு பருவம் செண்டுமல்லி போடுவது அதைக் குறைக்கும்.

ஆனி கடைசியில் கோடைப் பயிர் ஓயும். நோயில்லாத செடிகளைத் தரையோடு அறுத்து மூடாக்காக்கி, தட்டைப்பயறின் முடிச்சுள்ள வேர்களை மண்ணிலேயே விட்டுவைத்தால் அவற்றிலுள்ள தழைச்சத்து ஆடிப்பட்ட விதைப்புக்கு உதவும்.