‘சதிலீலாவதி’ (1936): திரைக்குள்ளும் வெளியிலும் நீதிமன்றம்

முன்னுரை

பிரித்தானியாவில் 1927ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம், திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீடு வகுத்தது. அதனை நிறைவு செய்யக் குறைந்த செலவில் விரைந்து எடுக்கப்பட்டவற்றுள் குற்றக் கதைகள் பல. உரையாடலே கதையை நடத்தும் நீதிமன்றக் காட்சி, தொடக்கக்காலப் பேசும்படத்திற்கு ஏற்ற களமாயிற்று. தமிழில் 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பின்னர்ப் புராணக் கதைகளே மிகுந்திருந்தன. கொலைக் குற்றத்தைச் சமகால வாழ்வில் வைத்துக் காட்டிய தொடக்கக்காலப் படங்களுள் ஒன்று ‘சதிலீலாவதி’.

திரைக்குள் வழக்கு

எஸ்.எஸ். வாசனின் தொடர்கதையைத் தழுவிய இப்படத்தை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார். எம்.கே. ராதா நாயகனாக நடித்தார், எம்.ஜி. இராமச்சந்திரன் சிறு வேடத்தில் அறிமுகமானார். குடிக்கு அடிமையான கிருஷ்ணமூர்த்தி, நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாகிறான். மனைவி லீலாவதி வறுமையில் இராட்டை நூற்று வாழ்கிறாள். அவன் திரும்பியபின் நடைபெறும் விசாரணையில் உண்மை வெளிப்படுகிறது. புராணப் படங்களில் தெய்வம் தோன்றித் துயர் தீர்க்கும் இடத்தை இங்கே சாட்சியமும் துப்பறிதலும் பெறுகின்றன.

திரைக்கு வெளியே வழக்கு

இதே காலத்தில், ‘பதிபக்தி’ நாடகமும் திரைப்படமாகிக் கொண்டிருந்தது. அதன் தரப்பினர், ‘சதிலீலாவதி’ தங்கள் கதையைக் களவாடியது என வழக்குத் தொடுத்தனர். இரு கதைகளுக்கும் மூலம் திருமதி ஹென்றி வுட் 1860இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்னும் ஆங்கில நாவலே என வாசன் தெரிவித்தார். அந்நாவல் ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கத்தின் பரிசுக்காக எழுதப்பட்டது. இவ்வாறு, கதை தம்முடையது என உரிமை கோரும் நிலை இரு தரப்பினருக்கும் இல்லாமற்போனது.

முடிவுரை

இவ்வழக்கைக் கொண்டு ‘சதிலீலாவதி’யை வெறும் தழுவல் என ஒதுக்குதல் பொருந்தாது. மதுவின் கேடு என்னும் கரு இங்கிலாந்திலிருந்து வந்தது. இலங்கைத் தோட்டத்திற்குப் பெயர்தல் தமிழ் உழைப்பாளரின் வரலாறு. இராட்டை காந்திய இயக்கத்தின் அடையாளம். படம் வெளிவந்த மறு ஆண்டிலேயே, 1937இல், இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. ஆகவே இப்படத்தின் தனித்தன்மையைக் கதைப்பின்னலில் தேடுவதினும், அக்கதை வேரூன்றிய தமிழ்ச் சமூகச் சூழலில் தேடுவதே தகும்.