ஊதினால் விளக்கு எரியும்

விளக்கை வாயால் ஊதி அணைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் ஊதி விளக்கை ஏற்றியவர்களும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில், லண்டனுக்கு வடமேற்கே அய்ல்ஸ்பரி ஊரை ஒட்டியிருக்கும் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில்தான் அது தொடங்கியது.

தண்டுவடத்தில் அடிபட்ட போர்வீரர்களுக்காக 1944-ல் அங்கே தனிப் பிரிவு திறந்தார்கள். பொறுப்பேற்றவர் லுட்விக் குட்மன், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனவர்கள் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்த காலம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார் அவர். பிழைத்தவர்களைச் சும்மா படுத்திருக்க விடவில்லை. மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு என்று ஏதாவதொரு வேலையில் உட்கார வைத்தார். 1948-ல் சக்கர நாற்காலியில் இருந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இந்த வேலைகளுக்கெல்லாம் கை வேண்டும். கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் முறிந்தவருக்குக் காலோடு கையும் போய்விடும். போலியோ கடுமையாகத் தாக்கியவர்களுக்கும் அதே கதிதான். வில்லும் உளியும் அவர்களுக்கு எட்டாதவை.

1960-ல் ரெஜ் மேலிங் என்பவர் அந்த மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்கத் தொண்டராக வந்துபோய்க்கொண்டிருந்தார். கைகால் செயலிழந்தவர்களுக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு ஒரு மணி என்பது அவர் கண்ணில் பட்டது.

அந்த மணியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: "வாங்க." கண்ணில் வெளிச்சம் கூசினாலும் அதேதான்; வானொலியில் பிடிக்காத நிகழ்ச்சி ஓடினாலும் அதேதான். யாராவது வர வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், செய்துவிட்டுப் போக வேண்டும். அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட மனசு கூசும். வீட்டில் யாராவது நீண்ட நாள் படுக்கையில் இருந்திருந்தால் இது தெரிந்திருக்கும். பாதி ஆசைகளை அவர்கள் சொல்வதே இல்லை. "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மேலிங்கும் அவரோடு சேர்ந்து உழைத்த டெரெக் கிளார்க்சனும் உருவாக்கிய கருவி, உடம்பில் மிச்சமிருந்ததைப் பற்றிக்கொண்டது. கையும் காலும் போனவரிடமும் வாய் இருக்கிறது. நுரையீரலுக்கு இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாலும், கன்னத்தையும் நாக்கையும் கொண்டு ஒரு குழாயை லேசாக உறிஞ்சலாம், லேசாக ஊதலாம். அந்தச் சின்ன அழுத்தம் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். விளக்கு, வானொலி, தொலைபேசி, தட்டச்சு இயந்திரம் எல்லாம் அந்த ஒரு குழாய்க்குக் கட்டுப்பட்டன.

'நோயாளி இயக்கும் தேர்வுக் கருவி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் பி, ஓ, எஸ், எம். அவற்றைச் சேர்த்துப் 'பாஸம்' என்று கூப்பிட்டார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'என்னால் முடியும்' என்று அர்த்தம். கருவிகளுக்கு வைத்த பெயர்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டு எப்படிப் பத்து வேலை செய்வது? பலகையில் பெயர்கள் வரிசையாக இருக்கும். வெளிச்சம் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே வரும். வேண்டிய இடத்துக்கு வந்ததும் மூச்சால் நிறுத்த வேண்டும். எழுத்துகளென்றால் வெளிச்சம் முதலில் வரிசை வரிசையாகப் போகும். வரிசையைப் பிடித்ததும் அதற்குள் எழுத்து எழுத்தாகப் போகும். இந்த விஷயத்தில் நம் அரிச்சுவடி கொடுத்துவைத்தது. 247 எழுத்தையும் ஒவ்வொன்றாகக் கடந்தால் ஒரு சொல்லுக்கே பொழுது சாய்ந்துவிடும். உயிர்மெய் அட்டவணையை நிறுத்தி வைத்தால் 18 மெய்யில் ஒன்று, பிறகு 12 உயிரில் ஒன்று. கடைசிக் கட்டத்தில் இருக்கும் எழுத்துக்கும் 30 நகர்வுதான். சுவரில் தொங்கும் அந்த அட்டவணை இதற்காகவே வரைந்ததுபோல் இருக்கிறது.

மூச்சும் உதவாதவர்கள் இருந்தார்கள். ஹிலரி போல் உடற்பயிற்சி ஆசிரியை. தசைகளைச் சோரவைக்கும் மையஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் அவரை இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே வீழ்த்தியது. பேச்சு போனது, விழுங்க முடியாது, இமையைக்கூடத் தானாகத் திறக்க முடியாது, மூச்சுக்கு இயந்திரம். மிஞ்சியது கால் பெருவிரலின் அசைவு, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பாஸத்தின் சுவிட்சை அந்த விரலடியில் வைத்தார்கள். அவர் கடிதங்கள் எழுதினார், கவிதை எழுதினார், தன்னைப்போல் கிடந்த மற்றவர்களுக்கும் இந்தக் கருவி கிடைக்க நிதி திரட்டினார். நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதும் வேலை எத்தனை சாதாரணமானது! எழுந்து நடமாடுகிற நம்மில் பலர் தள்ளிப்போடும் வேலை. ஒரு விரலின் அரை மயிரிழை அசைவால் அதைச் செய்தவர், ஊர்க்காரியத்தில் ஓர் ஆளாக மறுபடி நின்றார். பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்தது. 1975-ல் மறைந்தார்.

அவர் வாழ்க்கையைப் புத்தகமாக்கியவர் டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர். விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்துக்கு உயிர்கொடுத்தவர், டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய கதையையும் எழுதியது அதே பேனாதான்.

பாஸத்துக்குப் பிறகு கணினி வந்தது. இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் 1985-ல் தொண்டையில் செய்த அறுவையில் குரலை இழந்தபோது, அட்டையில் ஒருவர் எழுத்துகளைக் காட்டிக்கொண்டே வர, சரியான எழுத்தில் அவர் புருவத்தை உயர்த்துவார். அங்கே நகரும் வெளிச்சமாக இருந்தது மனிதர் ஒருவரின் விரல். பிறகு அவருக்குக் கிடைத்த மென்பொருளை வால்ட் வோல்டோஸ் என்ற பொறியாளர், ஹாக்கிங்குக்கு இருந்த அதே நரம்பு நோய் வந்த தன் மாமியாருக்காக முன்பே எழுதி வைத்திருந்தார். சென்னை ஐஐடி-யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்பின் பெருமூளை வாதக் குழந்தைகளோடு இருந்து 'ஆவாஸ்' என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்த கண்கள் இருக்கின்றன.

இந்த முறையில் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒரு வாக்கியத்துக்குச் சில நிமிடம் ஆகலாம். எதிரே இருப்பவர் பொறுமையிழந்து மீதியைத் தானே சொல்லி முடித்துவிட்டால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் பேச வந்தவர் வாயடைத்துப் போவார். பேசக் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள் வீட்டாருக்குக் காத்திருக்கவும் சொல்லித்தருவது அதனால்தான்.

அந்த நகரும் வெளிச்சம் இன்று நம் கைபேசிகளிலேயே இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து சுவிட்ச் கட்டுப்பாட்டை இயக்கினால், திரையில் ஒரு கட்டம் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டு நகரும். கேமரா, வாட்ஸ்அப், மகளின் எண். உரிய இடத்தில் ஒரு தட்டல், அல்லது ஓர் ஊதல். மறுமுனையில் மணி அடிக்கும்.